அமைப்புசாராத் தொழிலாம்... யாருங்க சொன்னது?

எனக்கு ரொம்ப நாளா ஒரு வார்த்தை மேல கடுப்பு. "அமைப்புசாரா". பாடப்புத்தகம், பட்ஜெட் உரை, நல வாரியம், பேப்பர்னு எங்க பார்த்தாலும் இருக்கும். ராஜபாளையத்துல சங்கு ஊதி ஷிப்ட் மாத்துற நூற்பாலை, அமைப்பு சார்ந்த தொழில். அங்க இருந்து கொஞ்சம் கிழக்க போனா சத்திரப்பட்டி. அங்க பேண்டேஜ் துணி நெய்யுற விசைத்தறி, அமைப்புசாராத் தொழில். பரீட்சையில இப்படிப் பிரிச்சு எழுதினா மார்க். மாத்தி எழுதினா முட்டை.

நான் முட்டை வாங்கத் தயார். ஏன்னா இந்தப் பிரிவினை சுத்தப் பொய். சத்திரப்பட்டியில நடக்குற வேலையில அமைப்பு இல்லாத இடம் ஒரு அங்குலம்கூடக் கிடையாது. துணியோட அகலம், இழைக் கணக்கு, சுருளோட நீளம், லாரி கிளம்புற நாள்... எல்லாமே யாரோ ஒருத்தர் முடிவு பண்ணினது. அங்க காணாமப் போனது ஒரே ஒரு ஆள்தான்: வேலை நின்னா அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய ஆள். அந்த ஆளை ஒளிச்சு வெச்சிட்டு "இங்க அமைப்பே இல்லீங்க"ன்னு கை விரிக்கிறதுக்குத்தான் இந்த வார்த்தை பயன்படுது.

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிச்சிட்டு நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனியில ஆணி புடுங்கப் போற நண்பர்கள் இதைப் பொறுமையா படிக்கணும்னு கேட்டுக்கிறேன். அடுத்தவங்க வேலையைக் கட்டம் கட்டமா வரைஞ்சு, நடுவுல அம்புக்குறி போட்டு, "இதுதான் பிராசஸ்"னு கையெழுத்துப் போடப் போறது நாமதான்.

கொஞ்சம் பாடம் (தூங்கிடாதீங்க)

பிசினஸ் பிராசஸ்னு பெருசா பேர் வெச்சாலும் விஷயம் மூணு கேள்விதான். ஒரு வேலையை எத்தனை துண்டா வெட்டுறது? எந்தத் துண்டை யார் கையில கொடுக்குறது? ஒருத்தர் முடிச்சது அடுத்தவருக்கு எப்படிப் போய்ச் சேருது?

முதல் கேள்விக்கு எல்லா வாத்தியாரும் ஆடம் ஸ்மித்தோட குண்டூசியைக் குத்துவாங்க. 1776-ல எழுதினது. ஒரு குண்டூசி செய்யுறதைச் சுமார் 18 வேலையா பிரிச்சா, 10 பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்யலாம். தனித்தனியா உட்கார்ந்தா ஆளுக்கு 20 கூடத் தேறாதுன்னு கணக்கு. 1911-ல டெய்லர் புத்தகம் போட்டார். ஒவ்வொரு துண்டு வேலையையும் ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்தவர் அவர்.

ரெண்டாவது கேள்வியை 1937-ல ரொனால்ட் கோஸ் எடுத்தார். எல்லாத்தையும் வெளிச் சந்தையிலயே வாங்கிக்கலாமே, அப்புறம் கம்பெனின்னு ஒண்ணு எதுக்குன்னு கேட்டார். அவர் சொன்ன பதில் ரொம்ப எளிமை. வெளிய வாங்குறதுக்கும் செலவு இருக்கு: ஆள் தேடணும், விலை பேசணும், ஒப்பந்தம் போடணும். அந்தச் செலவு அதிகமானா வேலையை உள்ள இழுத்துக்குவாங்க. உள்ள வெச்சு நடத்துற செலவு அதிகமானா வெளிய தள்ளிடுவாங்க. 1991-ல நோபல் பரிசு வாங்கினப்போ அவருக்கு 80 வயசு.

மூணாவது கேள்விக்கு மைக்கேல் ஹாமர். 1990-ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல அவர் எழுதின கட்டுரையிலதான் ஃபோர்டு கதை வருது. ஃபோர்டுல சப்ளையருக்குப் பணம் கொடுக்குற டிபார்ட்மெண்ட்ல 500 பேருக்கு மேல. மஸ்தாவுல அதே வேலைக்கு 5 பேர். ஃபோர்டுக்காரங்க இன்வாய்ஸையே தூக்கிப் போட்டுட்டு, சரக்கு இறங்குற இடத்துலயே கம்ப்யூட்டர்ல ஆர்டரோட ஒத்துப் பார்த்துக் காசு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல ஆள் முக்கால்வாசி குறைஞ்சது. கை தட்டுங்க.

சரி, இந்த மூணு கேள்விக்கும் பக்கத்துல நாலாவதா ஒண்ணு இருக்கணுமே? நடுவுல வேலை நின்னுட்டா, அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்குறது? கரண்ட் போச்சு, நூல் வரல, ஆர்டர் தள்ளிப் போச்சு, விலை ஏறிடுச்சு. எந்தத் தொழில்லயும் இது நடக்கும். ஆனா நான் படிச்ச பிராசஸ் படம் எதுலயும் இதுக்குன்னு கட்டமும் இல்ல, அம்புக்குறியும் இல்ல. என்னைக் கேட்டா, ஒரு நிறுவனத்தைப் புரிஞ்சுக்க இந்த நாலாவது கேள்வி ஒண்ணு போதும். நம்ம ஊர்லயே மூணு இடத்துல வெச்சுப் பார்த்துடலாம்.

மில்லுக்குள்ள

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் இந்த ஊரே மில் சங்கு சத்தத்துல எழுந்து மில் சங்கு சத்தத்துல தூங்குற ஊரா மாறிப் போச்சு. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் இதெல்லாம் இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நூற்பாலைக்குள்ள வேலை எப்படிப் போகுதுன்னு பாருங்க. பஞ்சு பேல் வந்து இறங்கும். புளோ ரூம்ல உடைச்சு, தூசி எடுப்பாங்க. கார்டிங்ல சீவி, நாடா மாதிரி ஆக்குவாங்க. டிராயிங்ல பல நாடாவைச் சேர்த்து இழுத்துச் சமப்படுத்துவாங்க. சிம்ப்ளக்ஸ்ல மெலிசாக்கி லேசா முறுக்குவாங்க. ஸ்பின்னிங்ல நூலாகும். கோன் வைண்டிங்ல சுத்தி, பேக்கிங் போய்டும். எல்லாம் ஒரே காம்பவுண்டு. கார்டிங்ல கோளாறுன்னா ஸ்பின்னிங்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். மெஷினுக்கு மெஷின் நடக்குற சைடர் அக்காவுக்குத்தான் கால் வலி. ஆனா அது கார்டிங் டிபார்ட்மெண்ட் தப்புன்னு கண்டுபிடிச்சு சரி பண்ண ஒரு மேஸ்திரியும் மேனேஜரும் இருக்காங்க.

இப்ப நாலாவது கேள்வி. மில் நின்னா? 1947 தொழில் தகராறு சட்டம் இதுக்குப் பதில் வெச்சிருந்தது. 50 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பார்க்குற இடத்துல, ஒரு வருஷம் சர்வீஸ் முடிச்ச தொழிலாளியை, பஞ்சு இல்ல, கரண்ட் இல்ல, மெஷின் ரிப்பேர்னு காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினா, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததுல பாதி கொடுத்தாகணும். 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதுத் தொகுப்புச் சட்டத்துலயும் இந்தப் பாதிச் சம்பளம் இருக்கு.

இதை நான் தொழிலாளர் நலன்னு மட்டும் பார்க்கல. இது ஒரு பிராசஸ் டிசைன். காத்திருப்புக்கு ஒரு விலை ஒட்டிட்டாங்க. அந்த விலை முதலாளி தலையில. அதனால பஞ்சை முன்கூட்டியே வாங்கி ஸ்டாக் வைக்கணும், ஜெனரேட்டர் போடணும், மெஷினை ஒழுங்கா பராமரிக்கணும்னு அவருக்கே தோணும். காசு போகுதுல்ல!

மில்லு சொர்க்கம்னு நான் சொல்லல. அதே சட்டத்துலயே பெரிய ஓட்டை ஒண்ணு உண்டு. இந்தப் பாதிச் சம்பளம் பதிலிக்கும் தற்காலிக ஆளுக்கும் கிடையாது. வருஷக்கணக்கா பதிலியாவே இருந்து தலை நரைச்ச அண்ணாச்சிகள் எத்தனை பேர்! 1981-ல தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது: 24 மாசத்துல 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரம் ஆக்கணும்னு. அதுக்கப்புறம் பயிற்சியாளர், ஒப்பந்த ஆள், கேம்ப் கூலின்னு புதுப் புதுப் பேரா முளைச்சது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலதுல 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு ஓடினது ஞாபகம் இருக்கும். வயசுப் பிள்ளைகளை ஹாஸ்டல்ல தங்க வெச்சு, மூணு வருஷம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னு சொல்லி வேலை வாங்கினாங்க. நடுவுல உடம்பு முடியாம வீட்டுக்குப் போனா அந்தத் தொகை கைக்கு வர உத்தரவாதம் கிடையாது. யோசிச்சுப் பாருங்க, சம்பளத்தையே மூணு வருஷம் காத்திருக்க வெச்ச பிராசஸ் அது. அந்தக் காத்திருப்புக்கு வட்டி போட்டுக் கொடுத்ததா யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

ஆக, மில்லுக்குள்ளயும் சண்டை எதுக்குன்னா, காத்திருப்போட விலையை யார் தலையில கட்டுறதுங்கிறதுக்குத்தான். ஆனா அங்க சண்டை போட ஒரு கேட் இருக்கு, சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு, யாரைக் கேட்கணும்னு தெரியும்.

சத்திரப்பட்டியில

இப்ப அந்த மில் நூலோடயே கிழக்க போவோம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யனாபுரம், சங்கரபாண்டியபுரம்னு வரிசையா ஊர். நடந்து போனா தறிச் சத்தம் காதைக் கிழிக்கும். நாட்டுல எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுற துணி இங்க நெய்ததா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வேலை போற பாதை இது. நூல் வாங்குறவர் ஒருத்தர். சைசிங்ல கஞ்சி போட்டு, பாவு பீம்ல ஏத்துறது இன்னொரு இடம். அந்தப் பாவு, கூலிக்கு நெய்யுற தறிக்காரர் ஷெட்டுக்குப் போகும். அங்க தறி ஓட்டுறவர் வேற, தார் சுத்துறவங்க வேற, பாவு பிணைக்கிறவர் வேற. நெய்த துணி வெளுப்புக்குப் போகும். வெளுத்து, காய்ஞ்சு வந்ததும் வெட்டுறது, சுத்துறது, கவர் போடுறது. இந்தக் கடைசி வேலையில நிறைய வீடுகள்லயும் சின்னச் சின்ன ஷெட்டுகள்லயும்தான் நடக்குது. பெரும்பாலும் பெண்கள். உருப்படிக் கூலி. அப்புறம் பெட்டி, லாரி, டெண்டர்.

இதுல அமைப்பு எங்க குறையுது சொல்லுங்க? கட்டுத்துணி மருந்துச் சட்டத்துக்குக் கீழ வர்ற சரக்கு. மருந்து விதிகள்ல இதுக்குன்னு தனி அட்டவணையே இருக்கு: ஒரு டெசிமீட்டருக்குப் பாவு எத்தனை இழை, ஊடு எத்தனை இழை, எடை எவ்வளவு, தண்ணியை எவ்வளவு வேகமா உறிஞ்சணும் வரைக்கும். தறி ஓட்டுறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு இழை குறைச்சுட முடியாது. சுத்துற அக்கா ஒரு அடி கம்மியா சுத்திட முடியாது. மில்லுல இருக்குற அதே கட்டுப்பாடு இங்கயும் இருக்கு. காம்பவுண்டு சுவர்தான் இல்ல.

அந்தச் சுவர் இல்லாததும் தற்செயல் கிடையாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல, கரண்ட்ல ஓடுற இடத்துக்கு 10 பேர் இருந்தா 'தொழிற்சாலை'. இப்ப வந்த புதுத் தொகுப்புல அதை 20 ஆக்கிட்டாங்க. ஒன்பது பேர் இருக்குற ஷெட் பத்துக்கு முன்னாடி ஏன் நின்னுடுதுன்னு புரியுதா? கோஸ் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துது. உள்ள வெச்சா சட்டம் வரும், காத்திருப்புக்குக் காசு கொடுக்கணும். வெளிய தள்ளிட்டா துணி மட்டும் வரும்.

நாலாவது கேள்வியை இங்க கேட்டுப் பாருங்க.

நூல் விலை ஏறுது. 2022 மே மாசத்துல ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினது. ஆஸ்பத்திரி டெண்டர்ல விலையை முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. நூல் விலை அந்தக் கையெழுத்தைப் பார்த்து நிக்காது. நூல் வாங்குறவர் என்ன பண்ணுவார்? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்னு பாவு கொடுக்குறதை நிறுத்துவார். அவர் பக்கம் நியாயம் இருக்கு. தறிக்காரர் "பாவு இல்ல, நாளைக்கு வாங்க"ன்னு தறி ஓட்டுறவரை அனுப்புவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு, தறிக் கடன் தவணை அவர் கழுத்துல. தறி ஓட்டுறவர் வீட்டுக்குப் போவார். துணி வராததால சுத்துற அக்கா சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அதுக்குக் கீழ தள்ள ஆள் கிடையாது. நட்டம் அங்க வந்து நின்னுடுது.

எங்க மாதிரி காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்குப் போனா இதைத்தான் வரையுறோம்: நூல், சைசிங், தறி, வெளுப்பு, பேக்கிங்னு அஞ்சு கட்டம், இடமிருந்து வலமா நாலு அம்புக்குறி. துணி போற பாதை அது. நட்டம் போற பாதையை வரைஞ்சா அம்புக்குறி மேல இருந்து கீழ போகும். அதை யாரும் வரையச் சொல்றது இல்ல.

இன்னும் ஒண்ணு. சுத்துற அக்கா வீட்டுத் திண்ணை இந்தத் தொழிலோட குடோன். அவங்க வீட்டு லைட் இந்தத் தொழிலோட லைட். குழந்தை துணி மேல ஏறிடாமப் பார்த்துக்கிறது தரக் கட்டுப்பாடு. வாடகை எவ்வளவு? பூஜ்யம். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம்னு 2023-ல அரசு உயர்த்தினது. நல்ல விஷயம், வேண்டாம்னு சொல்லல. ஆனா அது தறிக்கு. பேண்டேஜ் சுத்துற திண்ணைக்கு அந்தக் கணக்குல இடமில்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல

"சரிப்பா, காத்திருப்பை யார்தான் தடுக்க முடியும்? தொழில்னா ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்"னு நீங்க சொல்லலாம். அதுக்குத்தான் ராஜபாளையத்துக்கு வடக்க பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் போகணும்.

துணியாவது பத்து நாள் காத்திருக்கும். பால் காத்திருக்கவே காத்திருக்காது. காலையில கறந்தது மத்தியானம் திரிஞ்சு போகும். மாட்டுக்காரருக்கு இதைவிட மோசமான நிலைமை உண்டா? வாங்குறவர் ஒரு மணி நேரம் தாமதிச்சாலே போதும், சொல்ற விலைக்குக் கொடுத்துத்தான் ஆகணும். குஜராத்ல கேடா மாவட்டத்து விவசாயிகள் 1946-ல கூட்டுறவு ஆரம்பிச்சது இந்த நெருக்கடியிலதான். பின்னாடி அதுதான் அமுல் ஆச்சு. அந்த வழியை நாடு முழுக்க எடுத்துட்டுப் போக, 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது.

அவங்க பண்ணின மாற்றம் என்னன்னா, காத்திருப்போட விலையைப் பொதுவுல வெச்சாங்க. காலையும் மாலையும் பாலை வாங்கியே ஆகணும். கொழுப்பு எவ்வளவு, மத்த சத்து எவ்வளவுன்னு அளந்து அதுக்குத்தான் விலை, வாங்குறவர் மூஞ்சியைப் பார்த்து விலை இல்ல. பால் மிஞ்சினா பவுடர் ஆக்கு, வெண்ணெய் ஆக்கு. மிஞ்சினது சங்கத்தோட பிரச்சினை. தனி மாட்டுக்காரரோட பிரச்சினை இல்ல.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல பவுடருக்குப் பதிலா பால்கோவா. :-) பால், சீனி, விறகடுப்பு, கை ஓயாம கிண்டுற ஒரு ஆள். அவ்வளவுதான் சமாசாரம். சில மணி நேரம் தாங்குற பாலை, சில நாள் தாங்குற பண்டமா மாத்துறாங்க. ருசியை ஊரே பேசும். எனக்கு இதுல ருசியைவிடப் பெருசா தெரியுறது அந்த வேலை அமைப்பு. பஸ் ஸ்டாண்டுல நாம வாங்குற அரைக் கிலோவுக்குள்ள பால் வாங்காம விட்டுடுவாங்களோங்கிற மாட்டுக்காரரோட பயம் வத்திப் போய்க் கிடக்குது. 2019-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ, அதுக்கு விண்ணப்பிச்சிருந்ததும் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் சங்கம்தான்.

இங்கயும் குறை இல்லாம இல்ல. மாட்டுக்காரர் உறுப்பினர், அடுப்புல கிண்டுறவர் வெறும் வேலையாள். கொழுப்பு அளக்குற மெஷின் மேல சண்டை வராத சங்கம் எங்க இருக்கு? அரசியல் புகாத கூட்டுறவு எங்க இருக்கு? எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு விஷயம் நிரூபணம் ஆயிடுச்சு. உலகத்துலயே சீக்கிரம் கெட்டுப் போற சரக்குல ஒண்ணான பாலுக்கே காத்திருப்போட விலையைப் பங்கு போட முடிஞ்சிருக்கு. கெட்டுப் போகாத துணிக்கு முடியாதுன்னா, மனசு இல்லன்னு அர்த்தம்.

இப்ப சிலர் கேட்பாங்க...

"தறிக்காரரும் ஏழைதான். அவரும்தான் நொடிஞ்சு போறார்." ஆமாங்க, அதைத்தான் நானும் சொல்றேன். நட்டம் உருண்டு வர்ற வழியில அவர் நடுப்படியில நிக்குறார். அவரைக் குத்தம் சொல்றது என் வேலை இல்ல. 2006 சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சின்ன யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். தாமதிச்சா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. சட்டத்துக்கே தெரியுது பாருங்க, காத்திருப்புக்கு விலை உண்டுன்னு! ஆனா பதிவு பண்ணின யூனிட்டோட அது நின்னுடுது. அதுக்குக் கீழ உட்கார்ந்து சுத்துறவங்களுக்கு அந்தக் காகிதத்துல இடம் இல்ல.

"வீட்டுல இருந்தபடியே பிள்ளையையும் பார்த்துக்கிட்டு, நாலு காசு சம்பாதிக்கிறாங்க. அந்தச் சுதந்திரம் மில்லுல கிடைக்குமா?" சுதந்திரம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். துணி வராத நாள்ல சும்மா இருக்கவும், அவசர ஆர்டர் வந்த ராத்திரியில கண் முழிக்கவும் ஒரே ஆள்தான் வளைஞ்சு கொடுக்கணும்னா, அதுக்குப் பேர் வேற.

"இதுக்கெல்லாம் காசு கொடுத்தா விலை ஏறும், ஆர்டர் வேற ஊருக்குப் போய்டும்." இதுதான் கொஞ்சம் கனமான வாதம், மழுப்பாம பதில் சொல்லணும். முதல்ல, அந்தக் காசை இப்பவும் ஒருத்தர் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கார். கூலி இல்லாத நாளா, கந்துவட்டியா, பிள்ளை படிப்பை நிறுத்துறதா கொடுக்குறார். பில்லுல வராததால செலவே இல்லன்னு ஆயிடாது. ரெண்டாவது, காசு வாங்காத காத்திருப்பு குறையவே குறையாது. டொயோட்டாவுல தாயிச்சி ஓனோ ஏழு வகை விரயம்னு பட்டியல் போட்டார். அதுல 'காத்திருப்பு' ஒண்ணு. நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோமே, அதே பட்டியல். அங்க காத்திருக்குற ஆளுக்குச் சம்பளம் ஓடிக்கிட்டு இருந்ததால அதை ஒழிக்க மூளையைக் கசக்கினாங்க. சத்திரப்பட்டியில காத்திருப்பு இலவசம். இலவசமா கிடைக்கிறதை யார் மிச்சம் பிடிப்பா? சைசிங்ல ரெண்டு நாள் தாமதம், வெளுப்புல மூணு நாள் தாமதம்னு இருக்குறது அப்படியே இருக்கும். மெஷினும் மாறாது, திட்டமிடலும் மாறாது. விலை கம்மியா இருக்குறதை நாம போட்டித் திறன்னு நினைக்கிறோம். பாதி அது அடுத்தவங்க நேரத்தைத் திருடினதால வந்தது.

"கம்ப்யூட்டர், ஈ.ஆர்.பி. எல்லாம் வந்தா தானா சரியாகும்." ஆகாது. இருக்குற கட்டத்தை அப்படியே சாஃப்ட்வேர்ல ஏத்தினா, அதே அநியாயம் வேகமா நடக்கும். ஃபோர்டு கதையில குறைஞ்ச முக்கால்வாசிப் பேர் எங்க போனாங்கன்னு எந்த கிளாஸ்லயாவது சொல்லிக் கொடுத்தாங்களா?

முட்டுக்கட்டை

ஆடிப்பூரத் தேர் பார்த்தவங்களுக்கு இது புரியும். வடம் பிடிச்சு இழுக்குறவங்க ஆயிரக்கணக்குல. எல்லார் கண்ணும் அவங்க மேல. ஆனா தேர் திரும்புறதும் நிக்குறதும் சக்கரத்துக்குக் கீழ கட்டை போடுற சில பேர் கையில. பேச்சு வழக்குல 'முட்டுக்கட்டை'ன்னா தடங்கல், கெட்ட வார்த்தை. தேருக்கு அதுதான் பிரேக்கும் ஸ்டியரிங்கும். கட்டையை எடுத்துட்டா தேர் வேகமாப் போகும், வீட்டுத் திண்ணையில போய் நிக்கும்.

பாதிச் சம்பளம், 45 நாள் கெடு, 480 நாள் விதி இதையெல்லாம் 'தொழிலுக்கு முட்டுக்கட்டை'ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இதுதான்: ஆமா, முட்டுக்கட்டைதான். அதனாலதான் வேணும்.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

பெரிய புரட்சி எல்லாம் கேட்கல. நாலே நாலு.

1. டெண்டர்ல நூல் விலைக்கு ஒரு விதி எழுதணும். நூல் இவ்வளவுக்கு மேல ஏறினா துணி விலையும் ஏறும், இறங்கினா இறங்கும்னு. பெரிய கட்டுமான ஒப்பந்தங்கள்ல சிமெண்டுக்கும் இரும்புக்கும் இந்த மாதிரி விதி உண்டு. கட்டுத்துணிக்கு ஏன் கூடாது?

2. உருப்படிக் கூலிக்காரங்களுக்குக் காத்திருப்புப் படி. துணி தர்றேன்னு சொன்ன நாள்ல தரலன்னா, அன்னைக்கு ஒரு சின்னத் தொகை. சின்னதா இருந்தாப் போதும். காசுன்னு வந்துட்டா கணக்கு வரும், கணக்கு வந்துட்டா காத்திருப்பு குறையும்.

3. கொடுத்த துணி எவ்வளவு, வாங்கின சுருள் எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு ஒரு சீட்டு. வாய்க் கணக்குல நடக்குற வரைக்கும் நல வாரியத்துல பதிவு பண்ணக்கூட ஒரு அத்தாட்சி கையில இருக்காது.

4. இது நமக்கு. ப்ராஜெக்ட்டுக்குப் போறப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துல ஒரு வரி எழுதுங்க: "இது நின்னா யாருக்கு நட்டம்?" மார்க் கிடைக்காம போகலாம். கைடு "இது சிலபஸ்ல இல்லப்பா"ன்னு சிவப்பு மையில அடிக்கலாம். அடிச்சாலும் ஒரு தடவை படிச்சிட்டுத்தானே அடிக்கணும்!

இனிமே யாராவது உங்ககிட்ட சத்திரப்பட்டித் தறியை 'அமைப்புசாராத் தொழில்'னு சொன்னா, பேண்டேஜ் துணியில ஒரு டெசிமீட்டருக்கு எத்தனை இழைன்னு கேளுங்க. சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாங்க. அப்புறம், அதைச் சுத்துற அக்காவுக்கு நேத்து துணி வராததுக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு கேளுங்க. எந்தப் புத்தகத்தைத் திறக்குறாங்கன்னு பார்ப்போம்.

பி.கு: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனா பால்கோவா வாங்காம வந்துடாதீங்க. கூடவே, பால் ஊத்துறவருக்கு லிட்டருக்கு என்ன கொடுக்குறாங்கன்னும் கேட்டுட்டு வாங்க. கோவா இனிப்பு குறைஞ்சிடாது.